துப்பட்டி போர்த்தியவள்

ஜெபத்தில் ஆவி நிறைந்து விழுகிறவர்களைப் பிடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. பாஸ்டர் ஐயா தலையில் கை வைக்கும்போது பின்னால் ஒரு முழம் தள்ளி நிற்க வேண்டும். முன்கூட்டித் தொடக் கூடாது. உடம்பு சாய்ந்ததும் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து மெதுவாகத் தரையில் இறக்க வேண்டும். பெண்களாக இருந்தால் துணி விலகாமல் துப்பட்டியால் மூட வேண்டும். மூடிவிட்டு விலகிவிட வேண்டும். அவர்களாக எழுந்திருக்கும்வரை தொடுவதோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதோ கூடாது.

"ஆண்டவர் உள்ள ஆபரேஷன் பண்ணிக்கினு இருக்கிற நேரம் அது. நடுவுல பூந்து நீ கைய வச்சா இன்னா ஆவும்?" என்று தேசப்பன் கேட்பார்.

தேசப்பன் வாலண்டியர்களுக்குத் தலைவர். ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையையும் கம்பெனி கேட்டைப்போலத்தான் நடத்தினார். வாலண்டியர்கள் தோளில் குறுக்காக மஞ்சள் பட்டை போட வேண்டும். உள்ளே வந்ததும் எல்லோரும் செல்போனை அவருடைய பைக்குள் போட்டுவிட வேண்டும். சுவரில் இருந்த கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டார். ஜனங்கள் ஜெபத்தில் மணி பார்க்கிறார்கள் என்று ஐயா குறைப்பட்டுக்கொண்டாராம்.

கூடம் முன்பு பழைய இரும்பு போட்டு வைக்கும் கோடவுன். தகரக் கூரை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்பக்கம், ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் ரோலிங் மில். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மில்லின் கரி வந்து சுவரில் படிந்துவிடும். மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை உபவாச ஜெபம். ஆரம்பாக்கத்திலிருந்தும் கவரைப்பேட்டையிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் வருவார்கள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வருகிறவர்களும் உண்டு. மதியம் உபவாசம் முடிந்ததும் தக்காளி சாதம். அதன் வாசனை பதினோரு மணிக்கே கூடத்துக்குள் வந்துவிடும்.

ஆரோக்கியமேரி பெண்கள் பக்கத்தில் வாலண்டியராக இருந்தாள். பக்தியால் சேரவில்லை. பாயில் உட்கார்ந்திருந்தால் யாராவது கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை இல்லை என்பது சபைக்கே தெரியும். பட்டை போட்டுக்கொண்டு துப்பட்டியும் கையுமாக நிற்கிறவளை யாரும் இழுக்க மாட்டார்கள்.

ஆனால் விக்டோரியாவை அவளால் தடுக்க முடியவில்லை.

விக்டோரியா மேரியின் நாத்தனார். புருஷன் எட்வர்டின் அக்கா. அம்மா செத்தபிறகு எட்வர்டை வளர்த்தது அவள்தான். கட்டியவன் விட்டுவிட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மூன்றரைக்கு எழுந்து இட்லி அவித்து, சட்னி அரைத்து, மில் கேட்டில் கொண்டுபோய் வைத்து காலை ஷிப்ட்டுக்கு நாஷ்டா விற்பாள். சிப்காட்டில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். நல்ல உழைப்பாளி. நல்ல வாய்.

மாதாமாதம் ஜெபத்தில் முதல் வரிசையில் போய் நிற்பாள். ஐயா தலையில் கை வைத்ததும், "என் தம்பி பொண்டாட்டி வயித்தத் தெற ஆண்டவரே" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். எல்லாத் தலையும் திரும்பி, மஞ்சள் பட்டையோடு நிற்கிற மேரியைப் பார்க்கும். பிறகு விக்டோரியா விழுவாள். மற்றவர்கள் இரண்டு பாட்டுக்குள் எழுந்துவிடுவார்கள். இவள் எழுந்திருக்க மாட்டாள். கடைசியில் ஐயாவே கிட்டே வந்து, "விக்டோரியா, எழுந்திரு மகளே" என்று சொன்ன பிறகுதான் கண்ணைத் திறப்பாள். ஆழத்துக்குப் போய்விட்டாள் என்று சபையில் பேசிக்கொள்வார்கள்.

"ஆழமும் இல்ல, கிணறும் இல்ல. ஐயா வாயில பேர் வரணும், அதுக்குத்தான்" என்று மேரி ஒருமுறை எட்வர்டிடம் சொன்னாள்.

"அது இருவது வருசமா அடுப்புல வேவுது. மாசத்துல ஒரு நாள் படுத்துக்கினு இருந்தா உனக்கின்னா?" என்றான் அவன்.

மே மாதத்து மூன்றாம் சனிக்கிழமை. காலையிலேயே தகரம் காய்ந்தது. எட்வர்ட் முதல் ஷிப்ட்டுக்குப் போய்விட்டிருந்தான். கூடத்துச் சுவருக்கு அந்தப்பக்க மில்லில், பர்னஸ் வாசலில் காண்ட்ராக்ட் வேலை அவனுக்கு. விக்டோரியா நாஷ்டா விற்று முடித்து, வெறும் பாத்திரத்தோடு வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தாள்.

"கை ஒரு மாதிரி மரமரன்னு கீது மேரி. கரண்டி நிக்க மாட்டேங்குது. ரெண்டு தபா சாம்பாரக் கீழ ஊத்திட்டேன்."

"அப்ப இன்னிக்கு ஜெபத்துக்குப் போவாத. படு."

"உபவாசம் எடுத்துட்டு ஊட்ல படுக்கச் சொல்றியா? உனக்காகத்தான்டி நான் பட்டினி கெடக்கறேன்."

"நான் கேட்டனா?"

"நீ எங்க கேப்ப. கேக்கற வாயா இருந்தா இந்நேரம் ரெண்டு பெத்திருப்ப."

மேரி உள்ளே போனாள். பாத்திரங்கள் தேய்க்காமல் கிடந்தன. கை மரத்துப்போனது பாத்திரம் தேய்க்கிற நேரத்துக்குச் சரியாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் அவளே தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, பட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கூடத்தில் சாட்சி நேரம் முடிந்ததும் ஐயா இறங்கி வந்தார். முதல் வரிசையில் நான்காவது ஆள் விக்டோரியா. மேரி அவளுக்குப் பின்னால் நின்றாள். வேண்டுமென்று நிற்கவில்லை. வரிசை அப்படி அமைந்துவிட்டது.

ஐயா கை வைத்தார். விக்டோரியா ஆரம்பித்தாள்.

"என் தம்பி பொண்டாட்டி வயி..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. நாக்கு புரண்டு என்னவோ சத்தமாக வந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் ஆவி இறங்கிப் பேசும் அந்நிய பாஷை என்று எண்ணி இன்னும் உரக்க ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஐயாவும் தலையசைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். இது புதுசு என்று மேரி நினைத்தாள். கடைசியில் பாஷையும் பேச ஆரம்பித்துவிட்டாள்.

விக்டோரியா விழுந்தாள். எப்போதும் பின்னால் சாய்கிறவள், அன்றைக்கு வலது பக்கமாகச் சரிந்தாள். மேரி எட்டிப் பிடித்தாள். கனம் தாங்கவில்லை. முட்டிபோட்டு இறக்கிப் படுக்கவைத்தாள். அப்போது விக்டோரியாவின் இடது கை மேலே வந்து மேரியின் மஞ்சள் பட்டையைப் பிடித்துக்கொண்டது. கெட்டியான பிடி. மயங்கினவளின் கை இப்படிப் பிடிக்குமா?

மேரி குனிந்தாள். யாருக்கும் கேட்காத மாதிரி அவள் காதில் சொன்னாள்.

"போதும் அண்ணி. என்கிட்டயே நடிக்காத. கெட இங்கயே."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். துப்பட்டியை உதறிப் போர்த்தினாள். கழுத்துவரை மூடினால் போதும். முகத்தையும் மூடினாள். அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கம் மில்லில் சங்கு ஊதியது. டீ இடைவேளை. சங்குச் சத்தத்தில் கூடத்தின் தகரம் கொஞ்சநேரம் அதிர்ந்தது. மேரி அடுத்த ஆளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

பிறகு பிரசங்கம். பிறகு பாட்டு. விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு பாயில் போய் உட்கார்ந்தார்கள். பிரின்சி என்று இன்னொரு வாலண்டியர் பெண், பேட்டரி கம்பெனியில் வேலை பார்க்கிறவள், மேரியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சிஸ்டர், உங்க அண்ணி இன்னும் எழுந்துக்கலையே."

"ஐயா வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் எழுந்துப்பாங்க."

பிரின்சி பட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மேரி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். துப்பட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு இருக்கிறது. அவள் பார்த்தது அவ்வளவுதான்.

அன்று ஐயா விக்டோரியாவிடம் வரவில்லை. ஊத்துக்கோட்டையில் மதியம் இன்னொரு கூட்டம் இருந்ததால், காணிக்கைப் பாட்டு பாடும்போதே பின்வாசல் வழியாகக் காரில் ஏறிப் போய்விட்டார். கடைசி ஜெபத்தை வேறொருவர் செய்தார். ஜனங்கள் தட்டு வாங்க எழுந்தார்கள். பாய்களைச் சுருட்டிக்கொண்டே வந்த பிரின்சி, விக்டோரியாவின் காலடியில் வந்து நின்றாள்.

"சிஸ்டர், பாய் ஈரமா கீது."

மேரி வந்து துப்பட்டியை விலக்கினாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக் கோணியிருந்தது. எச்சில் வழிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. மேரியையே பார்த்தன.

தேசப்பன் ஓடி வந்தார். முதலில் கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொன்னார். அது அவருக்கு நன்றாக வரும். ஒருத்தி ஜெப எண்ணெயைக் கொண்டுவந்து நெற்றியில் தடவினாள். பட்டினியால் வந்த மயக்கம் என்று பிரின்சி ஒரு டம்ளரில் ஜூஸ் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். உள்ளே போகாமல் எல்லாம் வழிந்தது. விக்டோரியாவுக்குப் புரையேறி முகம் கறுத்தது. மேரி டம்ளரைத் தட்டிவிட்டாள்.

"108க்குப் போன் போடுங்க" என்றாள் மேரி. போன்கள் எல்லாம் தேசப்பனின் பைக்குள் இருந்தன.

தேசப்பன் பையின் வாயைப் பிடித்தபடி யோசித்தார்.

"இங்க வர வேணாம். ஏற்கெனவே இந்தக் கூடத்துக்குப் பர்மிஷன் இல்லன்னு மனு குடுத்துக்கீறானுங்க. வண்டி உள்ள வந்தா நாளைக்கு போலீஸ் வரும். மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்புக்குத் தூக்கினு போயி அங்கேர்ந்து கூப்பிடலாம்."

"உயிர் போய்க்கினு இருக்குதுண்ணா" என்றாள் மேரி.

"நான் இன்னா வேணாம்னா சொன்னேன்?" என்று ஆண்கள் பக்கம் திரும்பினார். "தூக்கு நைனா, பேசிக்கினு நிக்காத."

ஸ்பீக்கர் பெட்டி ஏற்றுகிற குட்டி யானை வண்டியில் பாயோடு தூக்கி வைத்தார்கள். ஈரப் பாயின் மேலே அதே துப்பட்டி. பஸ் ஸ்டாப்பில் வேகாத வெயிலில் ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தார்கள். அந்த நேரம் முழுக்க மேரி தன் முந்தானையால் விக்டோரியாவின் முகத்துக்கு நிழல் பிடித்தாள். விக்டோரியா கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மேரி ரோட்டைப் பார்த்தாள்.

முதலில் போன ஆஸ்பத்திரியில், இங்கே வேண்டாம், சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். எட்வர்டுக்கு மில்லில் ஆள் போய்ச் சொல்லி, அவன் கூட வேலை செய்கிறவனின் பைக்கில் நேராகச் சென்னைக்கு வந்துகொண்டிருந்தான். ஆம்புலன்ஸில் தேசப்பன் மேரிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அங்க கேப்பாங்க மேரி. எப்ப வுழுந்தாங்கன்னு கேப்பாங்க. காணிக்கை முடிஞ்சி சாப்பாட்டுக்கு எழுந்துக்கச்சே சாஞ்சிட்டாங்கன்னு சொல்லிடு."

"மொத ஜெபத்துலயே வுழுந்துட்டாங்களே."

"அத்தச் சொன்னா இன்னா கேப்பான்? அவ்ளோ நேரம் இன்னா புடுங்கிக்கினு இருந்தீங்கன்னு கேப்பான். சபைக்கு அசிங்கம். அத வுடு, உனக்கு? உன் ஊட்டுக்காரன் இன்னா நெனைப்பான்? போத்துனது யாரு? நானா?"

மேரி விக்டோரியாவைப் பார்த்தாள். ஆக்சிஜன் மாஸ்க்குக்கு மேலே கண்கள் திறந்தே இருந்தன. இவள் காதில் எல்லாம் விழுகிறதா என்று தெரியவில்லை. தேசப்பனும் அதையேதான் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

சென்னை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எட்வர்ட் வந்துவிட்டான். மில் யூனிபார்மில் பொசுங்கிய ஓட்டைகள். கண்ணைச் சுற்றிக் கரி. டாக்டர் இளவயதுப் பெண். மூன்று பேரையும் நிற்கவைத்துக் கேட்டாள்.

"கடைசியா நல்லாப் பேசிட்டிருந்தது எப்போ? கரெக்டா சொல்லணும்."

"பன்னெண்டரை இருக்கும் மேடம்" என்றார் தேசப்பன். "சாப்பாட்டுக்கு எழுந்தாங்க. அப்டியே சாஞ்சிட்டாங்க."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் ஆம்பளைங்க சைடு. லேடீஸ் சைடு இந்தம்மாதான்."

டாக்டர் மேரியைப் பார்த்துவிட்டு எட்வர்டிடம் திரும்பினாள். "மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு. பன்னெண்டரைனா இன்னும் டைம் இருக்கு. கரைக்க ஊசி போடலாம்."

"போடுங்க மேடம். இன்னா ஆனாலும் போடுங்க" என்றான் எட்வர்ட். கும்பிட்டான்.

"டைம்னா இன்னா மேடம்?" மேரி கேட்டாள்.

"ஆரம்பிச்சதுலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு மேல போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். உயிருக்கே ஆபத்து."

நர்ஸ் ஒருத்தி உள்ளே என்னவோ எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தாள். தேசப்பன் மேரியின் முகத்தைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தார்.

"பன்னெண்டரை இல்ல மேடம்" என்றாள் மேரி.

"என்ன?"

"காணிக்கைக்கு ரொம்ப முன்னாடி. மொத ஜெபத்துல வுழுந்தாங்க. பேச்சு அப்பவே கொழறிச்சு. மில்லுல டீ சங்கு ஊதுச்சு. அப்பத்தான் நான் போத்துனேன்."

"அது எத்தனை மணி?"

மேரிக்குத் தெரியவில்லை. கூடத்தில் கடிகாரம் இல்லை. அவள் எட்வர்டைப் பார்த்தாள். டாக்டரும் அவனைப் பார்த்தாள்.

"பத்து" என்றான் எட்வர்ட். தினமும் கேட்கிற சங்கு. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு எட்டியது.

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று தாண்டியிருந்தது. உள்ளே பார்த்து நர்ஸிடம் வேண்டாம் என்று கையசைத்தாள்.

"சாரி. இப்போ போட்டா ரிஸ்க். வேற மருந்துல பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு ஆடி நின்றது.

தேசப்பன் பாத்ரூம் போகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. எட்வர்ட் சுவரோரம் குந்தி உட்கார்ந்தான்.

"சங்கு ஊதச்சே நான் செவுத்துக்கு அந்தாண்ட டீ குடிச்சிக்கினு இருந்தேன் மேரி. ஒரு செவுரு."

"தெரியும்."

"நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"எப்பவும் மாதிரின்னு நெனச்சேன். அண்ணி எப்பவும் கடைசிலதான எழுந்துக்கும்."

"மூஞ்சப் பாக்கலயா நீ?"

"துப்பட்டி போத்தி இருந்துச்சு."

"யார் போத்துனது?"

காரிடாரில் யாரோ ஒருவர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார். அது போகட்டும் என்று காத்திருந்த மாதிரி எட்வர்ட் நிமிர்ந்தான்.

"ஊசி போடறேன்னாங்க. எடுத்துக்கூட வச்சிட்டாங்க. நீ வாயத் தெறந்த. வேணாம்னுட்டாங்க."

"போட்டிருந்தா ரத்தம் கசிஞ்சி செத்திருப்பாங்க. டாக்டரே சொன்னாங்கல்ல."

"கசியலாம்னாங்க. கசியும்னு சொல்லல."

அதற்குப் பிறகு வீடு திரும்புகிறவரை அவன் அவளிடம் நாஷ்டா வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை.

விக்டோரியா பிழைத்தாள். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. தொண்டையிலிருந்து ஒரே ஒரு சத்தம் மட்டும் வரும். அதுவும் ஆமாம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று தெரியாது. முன் அறையில் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தார்கள். சபையின் துப்பட்டியும் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வீட்டுக்கு வந்துவிட்டது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. துவைத்தாலும் போகாமல் அதில் ஜெப எண்ணெயின் கறை இருந்தது.

தேசப்பன் ஒரு நாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். கட்டிலருகே நின்று கண்ணை மூடி ஜெபித்தார். மேரி தண்ணீர் எடுக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். குடத்தோடு திரும்பி வந்தவள் வாசலில் அவர் குரலைக் கேட்டு நின்றாள்.

"நான் சொன்ன டைமுக்கு ஊசி போட்டிருந்தாங்கன்னா இன்னிக்கு அக்கா எழுந்து நடந்திருக்கும் நைனா. ஆண்டவர் சித்தம், வுடு. நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா, மேரி அத்தனை பேருக்கு முன்னாடி ஏன் அப்டி சொல்லணும்? நீயே யோசிச்சிப் பாரு. மாசா மாசம் அக்கா அவ வயித்துக்காகக் கத்தும். அவளுக்கு அது மனசுல இருக்காதா?"

எட்வர்டின் பதில் கேட்கவில்லை. மேரி குடத்தை இறக்கிவைத்த சத்தத்தில் தேசப்பன் வெளியே வந்தார்.

"வா மேரி. பட்டைய ஆபீஸ்ல குடுத்துடு. கொஞ்ச நாளைக்கு ரெஸ்ட் எடு."

மேரி உள்ளே போய்ப் பட்டையைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

எட்வர்ட் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தான். அக்காவுக்கு அவனே துடைத்துவிட்டான். அவனே திருப்பிப் படுக்கவைத்தான். மேரி கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தால் கிண்ணத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோவான். முதலில் சூடு பார்க்கிறான் என்றுதான் மேரி நினைத்தாள். ஒரு நாள் ஆறிப்போன கஞ்சியையும் அப்படியே மோந்துவிட்டு ஊட்டினான்.

சாயங்காலங்களில் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்பான்.

"யக்கா, அன்னிக்கி இன்னா ஆச்சு? வுழுந்தது ஞாபகம் இருக்குதா? மேரி இன்னா பண்ணா? ஒண்ணும் பண்ணலன்னா கைய இறக்கி வை. பண்ணாள்னா தூக்கு."

விக்டோரியாவின் இடது கை துப்பட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். தூக்கவும் மாட்டாள். இறக்கவும் மாட்டாள். கண் மட்டும் சமையல்கட்டின் பக்கம் திரும்பும். அங்கே மேரி அரிசி களைந்துகொண்டிருப்பாள். களைகிற கை நின்றுவிடும்.

டாக்டரிடம் மேரி நேரத்தைச் சொன்னாள். போர்த்தியதையும் சொன்னாள். காலையில் கை மரத்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. காதில் சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அது விக்டோரியாவுக்குத் தெரியும், அல்லது தெரியாது. இரண்டில் ஒன்று. அந்தக் கண்களைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

காண்ட்ராக்டர் இரண்டு முறை ஆள் அனுப்பினான். மூன்றாவது முறை, பீகார்ப் பையன்கள் தயாராக இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினான். எட்வர்ட் மறுநாள் முதல் ஷிப்ட்டுக்குப் போயாக வேண்டும். மேரி மோல்டிங் கம்பெனியில் பிளாஸ்டிக் சாமான்களின் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த வேலையை, அண்ணியைப் பார்த்துக்கொள்வதற்காகப் போன வாரமே விட்டுவிட்டாள்.

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் நேராக ரோட்டுக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் நின்றான். அங்கே சந்திரகலா கோலமாவு டப்பாவும் கையுமாக நின்றிருந்தாள். அவன் அவளிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னான். அவள் தலையாட்டிக்கொண்டே இந்த வீட்டுப் பக்கம் பார்த்தாள். ஜன்னலில் மேரி நிற்பதைக் கண்டதும் பார்வையைக் கோலத்துக்குக் கொண்டுபோனாள்.

மேரி கஞ்சி காய்ச்சினாள். நொய்யரிசி, கொஞ்சம் பாசிப்பருப்பு, உப்பு. நன்றாகக் குழைய விட்டு மசித்தாள். ஆற்றிக் கிண்ணத்தில் ஊற்றி முன் அறைக்குக் கொண்டுவந்தாள். அவள் கிட்டே வந்ததும் விக்டோரியாவின் இடது கை துப்பட்டியை இழுத்தது. மெதுவாக, பாதியில் நின்று, மறுபடி இழுத்து, முகத்தை மூடிக்கொண்டது.

மேரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூச்சுக்குத் துப்பட்டி ஏறி இறங்கியது. அன்றைக்குப் பார்த்த அதே ஏற்ற இறக்கம்.

"நான் சொன்னது உன் காதுல வுழுந்துச்சா அண்ணி?"

துப்பட்டி ஏறி இறங்கியது.

"வுழுந்துச்சுன்னா வுழுந்துச்சுன்னு எட்வர்டுகிட்ட காட்டிடு. இப்டி கெடந்து என்னப் பாத்துக்கினே இருக்காத. என்னால முடியல."

மில்லில் சங்கு ஊதியது. வீடுவரை அது மெலிதாகத்தான் கேட்கும். துப்பட்டிக்குள் மூச்சு ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.

மேரி கையை நீட்டி முகத்திலிருந்து துணியை விலக்கினாள். கண்கள் திறந்திருந்தன. வாய் இறுக மூடியிருந்தது. கரண்டியைக் கொண்டுபோனாள். வாய் திறக்கவில்லை. உதட்டில் வைத்தாள். உதடு இன்னும் இறுகியது. கஞ்சி தாடையில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். விக்டோரியா கிண்ணத்தைப் பார்த்தாள், மேரியைப் பார்த்தாள், மறுபடி கிண்ணத்தைப் பார்த்தாள்.

மேரிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

கரண்டியைத் திருப்பித் தன் வாயில் வைத்துக்கொண்டாள். விழுங்கினாள். விழுங்கியது தெரிகிற மாதிரி வாயைத் திறந்து காட்டினாள். இன்னொரு கரண்டி எடுத்து அதையும் குடித்தாள். பிறகு காத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து விக்டோரியாவின் வாய், கோணிய பக்கம் அசையாமல், மறுபக்கம் மட்டும் திறந்தது.

பாதிக் கிண்ணம் உள்ளே போயிருக்கும். வெளியே சந்திரகலாவின் குரல் கேட்டது.

"இன்னா மேரி, அக்கா சாப்ட்டாங்களா?"

"சாப்பிட்டுக்கினு கீறாங்க."

"கதவ ஏன் ஒருக்களிச்சி வச்சிக்கினு கீற? புழுக்கமா இருக்காது? நல்லாத் தெறந்து வை, காத்து வரட்டும்."

காற்று இல்லை. மில்லின் கரி மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. மேரி எழுந்து போய் இரண்டு கதவையும் சுவரோடு சேர்த்துத் திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கல்லை முட்டுக்கொடுத்தாள். சந்திரகலா தன் வாசலில் முறத்தை எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தாள். மேரி ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி, கையும் கிண்ணமும் வெளியிலிருந்து தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டாள். ஒரு கரண்டி தான் குடித்தாள். அடுத்த கரண்டியை விக்டோரியாவிடம் கொண்டுபோனாள்.